மகனின் வரவு 91.7 சதவீதம்: பாடசாலைக்கு எதை, எப்போது, எப்படி அறிவிப்பது?

கேள்வி: செவ்வரத்தை

வணக்கம். நாங்கள் இலண்டனின் வடமேற்குப் பகுதியில் வசிப்பவர்கள். மகன் ஆரம்பப் பாடசாலையில் ஐந்தாம் ஆண்டிலும், மகள் இடைநிலைப் பாடசாலையில் எட்டாம் ஆண்டிலும் படிக்கிறார்கள். பொங்கலுக்கு முதல்நாள் மகனின் புத்தகப்பைக்குள் ஒரு கடிதம் இருந்தது. எங்கள் காலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு எடுத்தால் வீட்டில் மோதகம் அவிப்பார்கள் என்பதால், 91.7 என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அதைப் பாராட்டுக் கடிதம் என்றே மாமியிடம் சொல்லிவிட்டேன். இரண்டாவது பந்தியில்தான், வரவு குறைந்திருப்பது பற்றிப் பேசுவதற்குப் பெற்றோரில் ஒருவர் நேரில் வரவேண்டும் என்று எழுதியிருந்தது.

பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். செப்டம்பரிலிருந்து 78 பாடசாலை நாட்கள். காலை ஒன்று, பிற்பகல் ஒன்று என நாளுக்கு இரண்டு அமர்வுகள் வீதம் 156 அமர்வுகள். அவற்றில் 13 அமர்வுகளுக்கு அவன் இருக்கவில்லை. நவம்பரில் காய்ச்சலால் மூன்று நாட்களும் டிசம்பர் தொடக்கத்தில் வாந்தியால் இரண்டு நாட்களும் வீட்டில் நின்றான். மீதி மூன்றும் திங்கட்கிழமைக் காலைகள். ஞாயிறு இரவு நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிற பிள்ளை, திங்கள் காலையில் சப்பாத்துப் போடும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிடுகிறான். பத்து மணியளவில் வலி போய்விடுகிறது. திங்கட்கிழமை எனக்கு வேலையில்லாத நாள் என்பதால் பத்தரைக்கு நானே கூட்டிக்கொண்டுபோய் விடுகிறேன்.

அறிவிப்பதிலும் எங்கள் வீட்டில் ஓர் ஒழுங்கு இல்லை. மற்ற நாட்களில் நான் காலை ஆறு மணிக்கு வேலை தொடங்குபவள்; அங்கே கைத்தொலைபேசியை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். கணவர் இரவு வேலை முடித்து வந்து உறங்கிக்கொண்டிருப்பார். ஆகவே பெரும்பாலும் மாமியே பாடசாலைக்கு அழைத்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "ருடே நோ கம், பொடி நோ குட்" என்று குரல்பதிவில் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். காய்ச்சல் வந்தபோது முதல் நாள் மட்டுமே சொன்னோம்; அடுத்த இரண்டு நாட்களுக்கும் அதுவே போதும் என்று நினைத்தோம்.

இதற்கிடையில் இன்னொன்று. சென்ற ஆண்டு மாசி மாதம் யாழ்ப்பாணத்தில் என் அப்பா காலமானபோது நான் மட்டுமே போனேன். பிள்ளைகளால் நெய்ப்பந்தம் பிடிக்க முடியவில்லை. ஆட்டைத் திவசத்துக்காவது பேரப்பிள்ளைகள் வந்து நிற்கவேண்டும் என்று அம்மா கேட்கிறார். திதி வளர்பிறை அட்டமி. அது பெப்ரவரி அரைத்தவணை விடுமுறை முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை வருகிறது. விடுமுறையோடு அந்த வாரத்தையும் சேர்த்து எடுத்தால் ஐந்து பாடசாலை நாட்கள் தவறும். கேட்டால் மறுப்பார்கள், ஆகவே கேட்காமல் போய் நின்றுகொண்டு இருவருக்கும் காய்ச்சல் என்று அங்கிருந்தே மின்னஞ்சல் போடு என்கிறார்கள் உறவினர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: இடாப்புக்காரி

செவ்வரத்தை, நான் ஓர் ஆரம்பப் பாடசாலையின் அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகளாக வரவு இடாப்பைப் பார்த்துவருகிறேன். உங்கள் மாமியைப் போன்ற பலருடைய குரல்பதிவுகளைக் காலை எட்டரை மணிக்குக் கேட்டு எழுதுவதுதான் என் நாளின் முதல் வேலை. இங்கிலாந்தில் இடாப்புக் குறிகள் எல்லாப் பாடசாலைகளுக்கும் பொது என்பதால், உங்கள் மகனின் வரி எங்கள் திரையில் எப்படித் தெரியும் என்பதை என்னால் ஏறத்தாழச் சொல்லிவிட முடியும்.

முதலில் அந்தத் திங்கட்கிழமைகளைப் பாருங்கள், ஏனென்றால் நீங்கள் அவற்றைச் சின்ன விடயமாக நினைக்கிறீர்கள். காலை இடாப்பைக் கூப்பிட்ட பிறகு, பிந்தி வருபவர்களுக்காகச் சற்று நேரம் திறந்து வைத்திருப்போம். அது அரை மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது. அந்த நேரத்துக்குள் வந்தால் 'எல்' குறி. பிந்தி வந்தாலும் வந்ததாகவே கணக்கு. இடாப்பு மூடிய பின் வந்தால் 'யூ' குறி. பிள்ளை பத்தரைக்கு வந்து மாலைவரை வகுப்பில் இருந்தாலும், அந்தக் காலை முழுவதும் அனுமதியின்றி வராத அமர்வாகவே பதியப்படும். வயிற்றுவலி என்று அன்றே காரணம் சொல்லியிருந்தால் அதிபர் அதை நோயாக ஏற்று 'ஐ' குறி போட்டிருக்க வாய்ப்புண்டு. ஒன்றும் சொல்லாமல் வாசலில் விட்டுவிட்டுப் போயிருந்தால், மூன்றும் 'யூ' ஆகவே இருக்கும்.

காய்ச்சல் நாட்களும் அப்படித்தான். முதல் நாள் சொன்னது முதல் நாளுக்கு மட்டுமே பொருந்தும். இன்ன நாள்வரை வரமாட்டான் என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியிருந்தால் தவிர, ஒவ்வொரு நாளும் அறிவிக்கவேண்டும். காரணம் தெரியாத அமர்வுக்கு நாங்கள் 'என்' குறி போட்டுவிட்டு வீட்டுக்கு அழைப்போம். ஐந்து பாடசாலை நாட்களுக்குள் காரணம் கிடைக்காவிட்டால் அது 'ஓ' ஆகிவிடும், அதாவது அனுமதியற்றது. உங்கள் தொலைபேசி அலுமாரிக்குள் மணியடித்துக்கொண்டிருந்ததை அந்த அலுவலகத்தில் இருப்பவர் எப்படி அறிவார்? கூட்டத்துக்குப் போகுமுன் மகனுடைய வரவுப் பதிவின் அச்சுப்படி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நோய் நாட்கள் 'ஓ' என்று இருந்தால், மருந்துச் சீட்டையோ வைத்தியசாலைக் குறுஞ்செய்தியையோ காட்டித் திருத்தச் சொல்லலாம். குடும்ப வைத்தியரிடம் போய்க் கடிதம் வாங்கவேண்டியதில்லை. இப்படியான சின்ன நோய்களுக்கு அவர்கள் கொடுப்பதும் இல்லை.

மாமியின் குரல்பதிவில் உள்ள குறை ஆங்கிலம் அல்ல. "பொடி நோ குட்" என்றால் தலைவலியா, வாந்தியா, அம்மையா என்று எங்களுக்குத் தெரியாது; அது தெரிந்தால்தான் வகுப்பில் வேறு யாருக்கும் வந்திருக்கிறதா என்று பார்க்கவும், எப்போது திரும்பி வரலாம் என்று சொல்லவும் முடியும். பிள்ளையின் முழுப்பெயர், வகுப்பு, என்ன வருத்தம், எப்போது தொடங்கியது, எப்போது வருவான்: இவ்வளவும் போதும். நீங்கள் ஐந்தரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்புபவராக இருந்தால், பாடசாலையின் செயலியிலோ மின்னஞ்சலிலோ அப்போதே இரண்டு வரி அனுப்பிவிடலாம். யாரும் எழுந்திருக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாமியின் எண்ணையும் கணவரின் எண்ணையும் அவசரத் தொடர்புகளில் சேர்த்துவையுங்கள். நாங்கள் ஒன்பதரைக்கு விடாமல் அழைப்பதைத் தொந்தரவு என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு முறை, தனியாக நடந்து வரும் ஆறாம் ஆண்டுப் பிள்ளை எட்டு மணிக்கே வீட்டைவிட்டுப் புறப்பட்டுவிட்டாள் என்று தந்தை சொன்னார். அவளோ எங்களிடம் வந்து சேரவில்லை. இருபது நிமிடங்கள் கழித்து நூலக வாசலில் கண்டுபிடித்தோம். அந்த இருபது நிமிடங்களுக்காகத்தான் மற்ற எல்லா நாட்களிலும் அழைக்கிறோம்.

எப்போது வீட்டில் வைத்திருப்பது என்பதற்கு என்.எச்.எஸ். எனும் அரச சுகாதார சேவை ஒரு வழிகாட்டியே வைத்திருக்கிறது. காய்ச்சல் இல்லாத தடிமனுக்கும் இருமலுக்கும் அனுப்பலாம். காய்ச்சல் இருந்தால் அது போகும்வரை வைத்திருக்கவேண்டும். வாந்தி அல்லது வயிற்றோட்டம் என்றால் கடைசியாக நடந்ததிலிருந்து 48 மணித்தியாலங்கள். ஆகவே டிசம்பரில் நீங்கள் இரண்டு நாட்கள் வைத்திருந்தது மிகச் சரி, அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்காதீர்கள். கொப்புளிப்பான் என்றால் எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டவேண்டும். பொதுவாக ஐந்து நாட்கள் ஆகும். தலையில் பேன் என்பதற்காக நிறுத்தத் தேவையில்லை. நம்மவர் பலர் வெட்கத்தில் இரண்டு நாள் நிறுத்திவிட்டு "காய்ச்சல்" என்பார்கள். அந்த இரண்டு நாட்களும் வீணே.

பல்வைத்தியர் போன்றவற்றுக்கு ஒரு சின்ன உபாயம். பாடசாலை முடிந்த பிறகான நேரம் கிடைக்காமல் பதினொரு மணிக்குத்தான் கிடைத்தால், காலை இடாப்புக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுப் பிறகு வந்து கூட்டிச்சென்று, பிற்பகல் இடாப்புக்கு முன் திருப்பிக் கொண்டுவந்து விடுங்கள். இரண்டு அமர்வுகளும் வந்ததாகவே பதியப்படும்.

பயணம் பற்றிச் சட்டம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். பொய்க் காய்ச்சல் மட்டும் வேண்டாம். கொழும்பில் இருப்பவரின் தொலைபேசியில் மணியொலியே வேறு மாதிரி ஒலிக்கும். நாங்கள் அழைக்கும்போது அது காதில் விழும்.

பதில் 2: ஒற்றைப்பனை

தங்கச்சி, எல்லோரும் உங்களைப் பயமுறுத்தப் போகிறார்கள், அதற்கு முன் நான் ஒன்று சொல்கிறேன். பாடசாலை விடுமுறைக் காலத்தில் கொழும்புக்கு நான்கு பேருக்கு விமானச்சீட்டு வாங்கிப் பார்த்தவர்களுக்கு, அனுமதியின்றிப் பிள்ளையைக் கூட்டிப்போவதற்கான தண்டப்பணம் ஒரு பொருட்டே அல்ல. நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகனைக் கூட்டிக்கொண்டு போய்வந்து, கடிதம் வந்ததும் கட்டிவிட்டேன். பிள்ளை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தன் அப்பப்பா கிணற்றுக்கட்டில் இருந்து தேவாரம் பாடியதை அவன் கேட்டது அந்த ஒரு முறைதான். அடுத்த ஆவணியில் அவர் இல்லை. எந்த இடாப்பில் அதைப் பதிவது?

ஆனால் பொய் சொல்வதில் இடாப்புக்காரி அக்கா சொன்னதை நான் ஒப்புக்கொள்கிறேன், அதற்கும் அனுபவம் இருக்கிறது. என் மைத்துனர் தன் மகளுக்குக் கடும் காய்ச்சல் என்று ஒரு வாரத்துக்கு மின்னஞ்சல் போட்டுவிட்டு ஊருக்குப் போனார். திரும்பி வந்த திங்கட்கிழமை, வகுப்பில் எல்லோரையும் ஒரு படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை ஒரு பனைமரத்தையும், அதன் கீழே நுங்கு வெட்டும் மாமாவையும், பக்கத்தில் ஓர் ஆட்டுக்குட்டியையும் அழகாக வரைந்து, "சென்ற வாரம் நான்" என்று தலைப்பும் எழுதிவிட்டாள். ஆசிரியை அதைச் சுவரில் ஒட்டினார். அடுத்த நாளே 'ஐ' எல்லாம் 'ஜி', அதாவது அனுமதியற்ற விடுமுறை, ஆகி, உள்ளூர் கவுன்சிலில் இருந்து கடிதம் வந்தது. பணம் போனதைவிட, அதன் பிறகு அந்தப் பிள்ளைக்கு உண்மையாகவே காய்ச்சல் வந்தபோது அலுவலகத்தில் கேட்ட கேள்விகள்தான் மைத்துனரைச் சுட்டன.

ஆகவே என் கருத்து: போங்கள், போகிறோம் என்று சொல்லிவிட்டே போங்கள், வருவதைக் கட்டுங்கள்.

பதில் 3: முன்னாள் கணக்காளர்

ஒற்றைப்பனை அண்ணர் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதி 2024 ஆகஸ்ட்டுக்கு முன் சரியாக இருந்திருக்கும். நான் ஒரு பாடசாலையின் ஆளுநர் குழுவில் ஆறு ஆண்டுகள் இருந்தவன், எண்களோடு பழகியவன், ஆகவே கணக்காகவே சொல்லிவிடுகிறேன்.

2013க்கு முன் அதிபர்கள் ஆண்டுக்குப் பத்து நாட்கள்வரை குடும்ப விடுமுறைக்கு அனுமதி கொடுக்கும் வழக்கம் இருந்தது. அந்த ஆண்டு விதியைத் திருத்தி, விதிவிலக்கான சூழ்நிலைக்கு மட்டுமே விடுப்பு என்று ஆக்கினார்கள். 2015இல் ஐல் ஒஃப் வைற் தீவைச் சேர்ந்த ஜோன் பிளற் என்ற தந்தை, அனுமதியின்றி ஏழு பாடசாலை நாட்கள் மகளைப் புளோரிடாவுக்குக் கூட்டிச்சென்று, தண்டப்பணத்தைக் கட்ட மறுத்து வழக்காடினார். மகளின் வரவு மொத்தத்தில் 90 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதே, அது ஒழுங்கான வரவுதானே என்பது அவருடைய வாதம். கீழ் நீதிமன்றங்களில் வென்றார். 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். "ஒழுங்காக" என்ற சொல்லுக்குப் பாடசாலையின் விதிகளின்படி என்பதே பொருள் என்று தீர்ப்பாயிற்று. ஆகவே "என் பிள்ளையின் வரவு நன்றாகத்தானே இருக்கிறது" என்ற வாதம் அன்றோடு செத்துவிட்டது.

இப்போது நடைமுறையில் இருப்பது 2024 ஆகஸ்ட்டில் வந்த, இங்கிலாந்து முழுவதற்குமான ஒரே சட்டகம். பத்துப் பாடசாலை வாரங்களுக்குள் அனுமதியற்ற அமர்வுகள் பத்து சேர்ந்தால், தண்ட அறிவித்தல் அனுப்புவதா என்று பாடசாலை கட்டாயம் பரிசீலிக்கவேண்டும். அந்தப் பத்தும் தொடர்ச்சியாக இருக்கவேண்டும் என்பதில்லை; 'யூ', 'ஓ', 'ஜி' மூன்றும் ஒரே கூடையில்தான் விழும். செவ்வரத்தை, உங்கள் ஐந்து நாள் பயணம் மட்டுமே பத்து அமர்வுகள். திங்கட்கிழமைகளின் 'யூ' குறிகள் அதற்கு மேல் ஏறும். தண்டம் குடும்பத்துக்கு ஒன்று அல்ல, ஒரு பிள்ளைக்கு ஒரு பெற்றோருக்கு ஒன்று. இரண்டு பிள்ளைகள், தாய், தந்தை என்றால் நான்கு அறிவித்தல்கள்: 21 நாட்களுக்குள் கட்டினால் தலா 80 பவுண் வீதம் 320, அதைத் தவறவிட்டு 28 நாட்களுக்குள் கட்டினால் தலா 160 வீதம் 640. அதே பிள்ளைக்காக அதே பெற்றோருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டாவது முறை வந்தால் 80 என்ற சலுகையே கிடையாது. மூன்றாவது முறைக்கு அறிவித்தலே வராது; கவுன்சில் வழக்குப் போடுவதைப் பற்றி யோசிக்கும். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 444ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் 2,500 பவுண்வரை தண்டம் விதிக்கலாம். அறிவித்தலுக்கு எதிராக மேன்முறையீடு என்று ஒன்றும் இல்லை: கட்டவேண்டும், அல்லது நீதிமன்றத்தில் நின்று வாதாடவேண்டும். ஒரு முறை "கட்டிவிட்டால் முடிந்தது" என்பது உண்மை; மூன்று ஆண்டுகளுக்குள் இன்னொரு சாவீடோ கலியாணவீடோ வராது என்று யார் உறுதி சொல்வது?

ஏன் இந்தக் கண்டிப்பு என்றால், கொரோனாவுக்கு முந்தைய 2018/19இல் பத்தில் ஒரு பங்கு அமர்வுகளையோ அதற்கு மேலோ தவறவிட்ட மாணவர்கள் 10.9 சதவீதம், 2022/23இல் அது 21.2 சதவீதம் ஆயிற்று. உங்கள் மகனும் அந்தக் கோட்டுக்கு அருகில்தான் நிற்கிறான். பெப்ரவரி இறுதியில் ஏறத்தாழ 105 நாட்கள், அதாவது 210 அமர்வுகள் நடந்திருக்கும். இப்போதைய 13உடன் பயணத்தின் 10 சேர்ந்தால் 23. அது 11 சதவீதம். அனுமதி பெற்று எடுத்தாலும் இந்தக் கணக்கில் கழியாது. அனுமதி தண்டத்தைத்தான் தடுக்கும், சதவீதத்தை அல்ல.

இனி வழி. எந்தச் சூழ்நிலை விதிவிலக்கானது என்பதை அதிபரே தீர்மானிக்கிறார், ஆனால் விண்ணப்பம் முன்கூட்டியே வந்தால்தான் அவரால் தீர்மானிக்க முடியும். போய்வந்த பிறகு அனுமதி கொடுக்க விதியில் இடமே இல்லை. சீட்டு வாங்குமுன் எழுதுங்கள். இரண்டு பாடசாலைகளுக்கும் தனித்தனியாக எழுதுங்கள், ஒருவர் கொடுத்தார் என்பதற்காக மற்றவர் கொடுக்கவேண்டியதில்லை. கடிதத்தில் "குடும்ப நிகழ்வு" என்று எழுதினால் அது பிறந்தநாள் விழாபோல் ஒலிக்கும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "பிள்ளையின் தாய்வழித் தாத்தா சென்ற ஆண்டு காலமானார், இறுதிச் சடங்கில் அவன் கலந்துகொள்ளவில்லை. முதலாண்டு நினைவுச் சடங்கு சந்திர நாட்காட்டிப்படி குறிக்கப்படுவது. அது இந்த ஆண்டு பெப்ரவரி 24 செவ்வாய்க்கிழமை வருகிறது, அதை விடுமுறைக்குள் மாற்றிவைக்க எங்களுக்கு வழியில்லை. அதில் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பங்கு உண்டு. விடுமுறை நாட்களை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டு, சடங்குக்கும் திரும்பும் பயணத்துக்கும் இன்றியமையாத நாட்களை மட்டுமே கேட்கிறோம்." கடைசி வாக்கியம்தான் முக்கியம். ஐந்து நாட்கள் கேட்பவருக்கு இரண்டு நாட்கள் கடற்கரைக்கு என்று அதிபருக்குத் தெரியும். செவ்வாய் திவசம் என்றால் வியாழனும் வெள்ளியும் எதற்கு?

இன்னொன்று, இதை நம்மவர்கள் அறிவதில்லை. அனுமதித்த விடுப்பு முடிந்து பத்துப் பாடசாலை நாட்களுக்குள் திரும்பாவிட்டாலோ, அனுமதியின்றித் தொடர்ந்து இருபது பாடசாலை நாட்கள் வராவிட்டாலோ, பாடசாலையும் கவுன்சிலும் விசாரித்துப் பார்த்தும் தகவல் கிடைக்காதவிடத்து, பிள்ளையின் பெயரை இடாப்பிலிருந்தே எடுத்துவிட முடியும். "அம்மாவுக்குச் சுகமில்லை, இன்னும் மூன்று கிழமை நிற்கிறோம்" என்று ஊரில் தங்குபவர்கள் அதைப் பாடசாலைக்கு எழுதாமல் இருந்துவிட்டு, வந்து பார்த்தால் இடம் வேறு பிள்ளைக்குப் போயிருக்கும்.

பதில் 4: தேநீர்க்கோப்பை

பயணத்தைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். என்னைத் தைத்தது படிக்கட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைதான், ஏனென்றால் என் வீட்டிலும் அதே படிக்கட்டில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தான்.

அது நடிப்பு என்று என் கணவரும், செமிபாட்டுக் கோளாறு என்று என் அம்மாவும் சொன்னார்கள். நான் ஓமத்தண்ணீர் கொடுத்தேன். வலி உண்மையானது. ஆனால் அது வயிற்றில் தொடங்கியதல்ல. நான்கு திங்கட்கிழமைகளுக்குப் பிறகுதான், ஏன் என்று கேட்பதை விட்டுவிட்டு, திங்கள் காலையில் முதலில் என்ன நடக்கும் என்று கேட்டேன். எல்லோரையும் கம்பளத்தில் வட்டமாக உட்காரவைத்து, வார இறுதியில் என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்வார்களாம். மற்றப் பிள்ளைகள் நீச்சல், குதிரை, பாட்டி வீடு என்று சொல்வார்கள். என் மகனுக்குச் சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை, ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடையில் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்து வீட்டுப்பாடம். ஒவ்வொரு வாரமும் அதையே சொன்னான். ஒரு நாள் யாரோ சிரித்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

நான் வகுப்பாசிரியையிடம் நேரடியாகச் சொன்னேன், முறைப்பாடாக அல்ல. அவர் அதற்குப் பிறகு, சொல்ல விரும்பாதவர்கள் ஒரு வரி எழுதித் தரலாம் என்று மாற்றிக்கொண்டார். காலையில் வாசலில் நின்று அவனை உள்ளே அழைத்துச்செல்ல ஓர் உதவி ஆசிரியரையும் இரண்டு வாரம் ஒழுங்குசெய்தார். இப்படியான பிள்ளைகளுக்குப் பாடசாலையில் ஆதரவு கொடுக்கவேண்டியது அவர்களுடைய பொறுப்பு. அந்தக் கடிதம் வந்திருப்பதே அதைக் கேட்பதற்கு நல்ல வாய்ப்பு. வலி வாரக்கணக்கில் நீண்டால் வைத்தியரிடமும் காட்டுங்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மன்னித்துக்கொள்ளுங்கள், இன்னும் இரண்டு விடயம். திங்கட்கிழமை உங்களுக்கு விடுப்பு என்றீர்களே, பத்து மணிக்கு வலி போனதும் என்ன நடக்கிறது? என் வீட்டில் தொலைக்காட்சியும் மடியும் கிடைத்தன. வலித்தால் வீட்டில் படுக்கை மட்டும்தான் என்று மாற்றியபோது, பாதிச் சண்டை தானாகக் குறைந்தது. மற்றது ஞாயிறு இரவு. நம்மவருடைய பிறந்தநாளும் சாமத்தியவீடும் மண்டபத்தில் ஆறு மணி என்று அழைப்பிதழில் இருக்கும், சாப்பாடு வைக்கும்போது பத்தரை ஆகும். பிள்ளையைக் காரில் தூக்கிப்போட்டு வீட்டுக்குக் கொண்டுவரும்போது நள்ளிரவு. அதற்கடுத்த காலைக்கு வயிற்றுவலி என்றுதான் பெயர் இருக்கவேண்டுமா?

மீண்டும்: செவ்வரத்தை

எல்லோருக்கும் நன்றி. ஏழு வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

அச்சுப்படியைக் கேட்டு வாங்கினேன். இடாப்புக்காரி அக்கா சொன்னபடியே இருந்தது: காய்ச்சலின் இரண்டாம், மூன்றாம் நாட்கள் 'ஓ', திங்கட்கிழமைகள் மூன்றும் 'யூ'. மருந்துச் சீட்டைக் காட்டியதும் 'ஓ' நான்கையும் அந்த இடத்திலேயே 'ஐ' ஆகத் திருத்திவிட்டார்கள். 'யூ'வைத் தொடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை, அன்று நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லையே. இப்போது நான் ஐந்தரைக்குப் பேருந்துத் தரிப்பிடத்தில் நின்று செயலியில் எழுதிவிடுகிறேன். மாமிக்குத்தான் சற்று வருத்தம். தன் பதவி பறிபோனதுபோல் உணர்கிறார். அவருடைய எண்ணை இரண்டாவது தொடர்பாகச் சேர்த்திருப்பதைச் சொல்லிச் சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

கடிதத்தைச் சீட்டு வாங்குமுன் எழுதி, மூன்று நாட்கள் கேட்டேன். மகனின் அதிபர் திங்களுக்கும் செவ்வாய்க்கும் அனுமதி தந்தார். மகளின் பாடசாலை செவ்வாய்க்கு மட்டுமே தந்தது. ஒரே சடங்கு, ஒரே தாத்தா, இரண்டு தீர்ப்பு. செவ்வாய் மதியம் படையல் முடிந்து கீரிமலைக்கும் போய்வந்து, அன்று மாலையே வாகனம் பிடித்துக் கட்டுநாயக்கா விமான நிலையம் வந்து சேர்ந்தோம். புதன் பயணத்தில் போயிற்று. வியாழன் காலை இருவரும் வகுப்பில் இருந்தார்கள். கணக்காளர் அண்ணரின் முறைப்படி மகனுக்கு அனுமதியற்றவை மூன்று 'யூ'வும் புதனின் இரண்டும் சேர்த்து ஐந்து, மகளுக்கு நான்கு. இதுவரை கவுன்சிலில் இருந்து ஒன்றும் வரவில்லை.

திங்கட்கிழமை விடயத்தில் கம்பளமும் வட்டமும் இல்லை. முதல் பாடம் சொல்வதெழுதுதல். பக்கத்தில் இருப்பவரோடு தாளை மாற்றித் திருத்துவார்களாம், அந்தப் பக்கத்து மேசைப் பிள்ளை மதிப்பெண்ணை உரக்கச் சொல்லிவிடுவாராம். ஆசிரியையிடம் பேசினேன், இப்போது அவரே தாளைத் திருத்துகிறார். ஆட்டைக்குப் போகுமுன் ஒரு திங்களில் மீண்டும் படிக்கட்டில் உட்கார்ந்தான், அன்று 'எல்' குறியோடு தப்பினோம். இந்தத் திங்கள் எட்டு நாற்பதுக்கு நான் திறப்பைத் தேடிக்கொண்டிருக்க, அவன் வாசலில் நின்று "அம்மா, இடாப்பு மூடப்போகுது" என்று கூப்பிட்டான். சப்பாத்தைக் கால் மாறிப் போட்டிருந்தான்.